நாற்பத்தேழாம் பக்கம்

+
கிள்ளான்
15.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படிகளை எண்ணி எண்ணித்தான் ஏறுகிறது. உனக்கு அங்கே சாப்பாடும் தூக்கமும் எப்படி? போகும்போது இருந்த இருமல் நின்றதா?

கிள்ளானிலிருந்து செராஸுக்குக் காரில் ஒரு மணி நேரம். கடிதம் போய்ச் சேர நான்கு நாள் ஆகும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். நீ கன்னியரின் அடைப்பு மடத்துக்குள் போய் மூன்று மாதமாகிறது. முதல் கடிதத்துக்கு இன்றுதான் உட்கார்ந்தேன். நீ முடிவைச் சொன்ன நாளிலிருந்து அம்மா உன் பெயரைச் சொல்வதில்லை. 'அவ' என்பதோடு சரி. இன்று நான் தாளை எடுத்ததும் துணி மடித்துக்கொண்டே, "நான் நல்லா இருக்கேன்னு எழுது. ஆனா நான் சொன்னேன்னு எழுதாத" என்றார்.

ஒரு செய்தி உண்டு. விமலன் சார் புது மருத்துவமனைக் கட்டடத்தின் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். "அக்கா விட்டுட்டுப் போனத தங்கச்சி முடிக்கட்டும் லா" என்று கணக்குக் கோப்பை மேசையில் வைத்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் இப்போது உன் நாற்காலியில் உட்காருகிறேன். உயரத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு கணக்குத் தாளின் தலையிலும் உன் சின்னச் சிலுவை. பள்ளி வீட்டுப்பாடத்தில் சிலுவை போடாவிட்டால் அம்மா நோட்டைத் திருப்பி எறிவார், நினைவிருக்கிறதா? கணக்கில் போடுவதை நான் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டேன், கடிதத்தில் மட்டும் கை தானாகப் போடுகிறது. நீ விடவில்லை. விமலன் சார் தன் தாளில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, "என் சுழியும் உங்க அக்கா சிலுவையும் இருக்கு. இந்தக் கட்டடம் எங்க விழும்?" என்று கேட்டார். அலுவலகம் முழுவதும் சிரித்தது. பழைய நகைச்சுவை போலிருக்கிறது.

அடித்தளத் தூண்கள் இறங்கிவிட்டன. கிள்ளான் சேறு எதிர்பார்த்த அளவுக்குத்தான் விழுங்கியது. ஆம்புலன்ஸ் திரும்ப இடம் வேண்டும் என்று கீழ்த்தளத்தின் நடுத்தூணை எடுத்துவிட்டு, அதற்கு மேல் வரும் ஐந்து மாடிகளையும் ஒரே பீமின் மேல் நிறுத்தியிருக்கிறாயே, அந்த வரைபடத்தைத்தான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். துணிச்சலான வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
ஜானிஸ்

+
செராஸ்
6.10.2024

அன்புள்ள ஜானிஸ்,

உன் கடிதம் வந்தது. நான் நலம். இருமல் நின்றுவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டு. தான் நன்றாக இருப்பதாக அவர் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொண்டேன்.

இங்குள்ள முறைகளைச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு கடிதம் எழுதலாம். மடத்துத் தலைவியான மதர் படித்த பிறகு தபாலுக்குப் போகும், வருவதும் அப்படியே. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களும், திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டர் வரை தவக்காலம் முழுவதும், எழுதுவதோ வாங்குவதோ சந்திப்பதோ கிடையாது. அந்த நாட்களில் வரும் கடிதங்களை ஒரு மேசை இழுப்பறையில் வைத்திருந்து பின்னால் தருவார்கள். கடினமாகத் தெரியலாம். பழகிவிடுகிறது.

எனக்குச் சலவை வேலை. பீடத் துணிகளை மடிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: மூன்றாக, பிறகு மறுபடியும் மூன்றாக. கை அதைச் செய்துகொண்டிருக்கும்போது மனம் எங்கெங்கோ போகிறது.

மருத்துவமனை உன்னிடம் வந்ததில் மகிழ்ச்சி. நான்காம் மாடிக்கு எந்த வரைபடத்தை வைத்து வேலை செய்கிறீர்கள்? கடைசியாக வந்தது மூன்றாம் திருத்தம். சும்மா கேட்கிறேன்.

உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

ஆட்ரி

+
கிள்ளான்
3.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். எடை குறைக்கச் சொன்னார். அம்மா அந்த டாக்டரின் எடையைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது, மதர் படிப்பார்.

தீபாவளிக்கு விமலன் சார் வீட்டுக்குப் போனோம். முறுக்கு இந்த முறை கொஞ்சம் கடினம்.

கட்டுமான இடத்தில் சுகுமாறன் அண்ணனைப் பார்த்துப் பேசினேன். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர், நீ இருந்தபோது அவர் வரவில்லை என்று நினைக்கிறேன். கேரி தீவுக்காரர். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இஞ்சினியர் எங்கம்மா?" என்றார். நான்தான் என்றேன். "அப்ப ஹெல்மெட்ட திருப்பிப் போடுங்க, பின்பக்கம் முன்னால இருக்கு" என்றார். அன்றிலிருந்து நன்றாகப் பேசிக்கொள்கிறோம்.

நீ கேட்டதற்குப் பதில்: மூன்றாம் திருத்தம்தான். உன் கணக்குத் தாளிலும் 'மூன்றாம் திருத்தத்தின்படி' என்றே இருக்கிறது. ஆகவே கவலை இல்லை. வேலையை விட்டவர்களுக்கு வேலை கனவில் வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

தங்கை
ஜானிஸ்

+
செராஸ்
24.11.2024

அன்புள்ள ஜானிஸ்,

நலமே. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அடுத்த ஞாயிறு முதல் கிறிஸ்துமஸ் வரை எழுத முடியாது என்பதால் இன்றே எழுதுகிறேன்.

மழை தினமும் மூன்று மணிக்கு வருகிறது. துணி காயவில்லை. கூடத்தில் கயிறு கட்டிக் காயவைக்கிறோம், அங்கே நடப்பவர்கள் எல்லோரும் தலை குனிந்தே நடக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பக்தியாகத் தெரியும்.

அந்தப் பெரிய பீமுக்கு எப்போது காங்கிரீட் போடுகிறார்கள்? ▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬ அதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுது. தேதி மட்டும் போதும்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். சொல்லாமலும் இருக்கலாம்.

ஆட்ரி

+
கிள்ளான்
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு நன்றாகப் பிறந்ததா? இங்கே எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது இல்லை. அம்மா இரண்டு கிலோ குறைந்திருக்கிறார். டாக்டர் பாராட்டினார், அம்மா அவரைப் பாராட்டவில்லை.

கிறிஸ்துமஸ் கேக்கை நான்காக வெட்டும் வழக்கத்தில் அம்மா இந்த வருடமும் நான்காக வெட்டினார். அப்பா இறந்த பிறகும் அப்படித்தானே வெட்டினார். இரண்டு துண்டு மிஞ்சியது. இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

உன் கடிதத்தில் ஒன்றரை வரி மையால் அடிக்கப்பட்டிருந்தது. மதர் அடித்தாரா? மதர் அவர்களே, இதைப் படிப்பதாக இருந்தால் என் வணக்கம்.

பீம் மார்ச் மாதத்தில் என்கிறார்கள். கீழ்த்தளத் தூண்கள் எழும்பிவிட்டன. நடுத்தூண் இல்லாத அந்த இடத்தில் நின்று பார்த்தேன். பதினான்கு மீட்டர் வெறும் வெளி. சுகுமாறன் அண்ணன் இப்போதே தன் லோரியை அங்கே திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆம்புலன்ஸ் என்ன, பஸ்ஸே திரும்பும்" என்றார்.

தங்கை
ஜானிஸ்

+
செராஸ்
2.2.2025

அன்புள்ள ஜானிஸ்,

காய்ச்சல் முழுதும் விட்டதா? இங்கே எல்லோரும் சுகம்.

இன்று மெழுகுவர்த்திகளை மந்திரிக்கும் திருநாள். நூற்றிருபது மெழுகுவர்த்திகளுக்குக் காகிதக் கிண்ணம் செய்தோம். எல்லாம் சரியாக வரும் என்றால் மே மாதம் எனக்குத் துறவு உடை தருவார்கள். புதிய பெயரும் உண்டு. அதை முன்கூட்டியே சொல்லக் கூடாது.

அந்த வரியை நான்தான் அடித்தேன். மதர் எதையும் அடிப்பதில்லை.

தோட்டத்தில் கீரை நன்றாக வந்திருக்கிறது. குரங்குகள் பக்கத்துக் குன்றிலிருந்து இறங்கி வந்து பாதியைத் தின்றுவிடுகின்றன. மீதி எங்களுக்கு.

அம்மாவுக்கு என் அன்பு.

ஆட்ரி

+
கிள்ளான்
27.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

பீமுக்குக் கம்பி கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். கம்பி வரைபடத்தைக் கணக்கோடு ஒப்பிட்டபோது நாற்பத்தேழாம் பக்கத்துக்கு வந்தேன். மேலே உன் சிலுவை. அடுத்த வரி 'மூன்றாம் திருத்தத்தின்படி'. கீழே 'சரிபார்த்தவர்' கட்டத்தில் விமலன் சாரின் சுருக்கொப்பம். எல்லாம் ஒழுங்கு. ஆனால் நான்காம் மாடிக்குச் சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ என்று போட்டிருக்கிறாய். அது நோயாளிகள் படுக்கும் வார்டுக்கான எடை. இரண்டாம் திருத்தம் வரை அங்கே வார்டுதான் இருந்தது. மூன்றாம் திருத்தத்தில் அதே இடம் நோயாளிகளின் பழைய கோப்புகளை வைக்கும் அறை ஆகிவிட்டது. தண்டவாளத்தில் ஓடும் அலமாரிகள் வந்தால் ஆயிரம் கிலோ போட வேண்டும்.

நான் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த ஒரு மாடியால் மட்டும் பீமின் நடுவில் நாற்பத்தெட்டு டன் கூடுகிறது. பீம் தாங்கக்கூடியதைவிட ஒன்பது விழுக்காடு அதிகம். மறுநாளே விழுந்துவிடாது. தொய்யும், வெடிப்பு விடும். மேலே அலமாரிகள் யாரும் தள்ளாமலே நடுப்பக்கம் ஓடி வரும். கீழே ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருக்கும்.

நான் கேட்பது இது ஒன்றுதான். இருநூறு என்று போட்டதற்குக் காரணம் ஏதாவது உண்டா? கோப்புகளை வேறு இடத்தில் வைப்பதாக மருத்துவமனைக்காரர்கள் உன்னிடம் கூட்டத்தில் சொன்னார்களா? கூட்டக் குறிப்பு எங்கும் இல்லை. நிர்வாகத்தைக் கேட்டால் 'இன்னும் முடிவாகவில்லை' என்று எழுதுகிறார்கள். விமலன் சார், "மூணாவது திருத்தம் பார்த்துட்டுத்தான் போட்டிருக்கா. ஆட்ரி கணக்கு தப்பாகாது லா. சந்தேகமா இருந்தா அவளுக்கே எழுதிக் கேளு. தப்புன்னு சொன்னா நிறுத்துறேன்" என்கிறார்.

காங்கிரீட் மார்ச் 22, சனிக்கிழமை. மாதக் கடைசியில் ஹரிராயா பெருநாள், தொழிலாளர்கள் அதற்கு முன் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், ஆகவே தேதியைத் தள்ள மாட்டார்கள்.

உண்டு, இல்லை. ஒரு சொல் போதும்.

ஜானிஸ்

+
செராஸ், மடத்து வாசல்
11.3.2025

அக்கா,

சுகமாக இருக்கிறாயா? இந்தக் கேள்வியை வாசல் சிஸ்டரிடமும் கேட்டேன், சுகம் என்றார்.

உன் வாசலுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் கடிதம் திருநீற்றுப் புதன் காலையில்தான் வந்ததாம். மேசை இழுப்பறையில் இருக்கிறதாம். ஒரு நாள் தாமதம்.

சிஸ்டர் அன்பானவர். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அவசரமாம்மா? வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா? அப்படின்னா மதர்கிட்ட சொல்றேன், இப்பவே கூப்பிடுவாங்க" என்றார்.

யாருக்கும் ஒன்றுமில்லை சிஸ்டர் என்றேன். அது உண்மைதான்.

இதையும் அந்த மேசை இழுப்பறையில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஜானிஸ்

+
கிள்ளான்
23.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீ ஒரு மாதம் கழித்துப் படிப்பாய். அன்று நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவும் நானும் இன்றைய தேதிக்கு நலம்.

நேற்று காங்கிரீட் போடவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புதன்கிழமை பழைய மருத்துவமனைக் கட்டடத்துக்குப் போனேன். நிர்வாகத்தைப் பார்க்காமல் நேராகக் கோப்பு அறைக்குப் போனேன். அதன் பொறுப்பாளர் மலர்விழி என்பவர். தரையிலிருந்து கூரை வரை கோப்புகள், நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி. புதுக் கட்டடத்தில் இவற்றை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "நாலாவது மாடிதான். ஓடுற அலமாரி ஆர்டர் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சே. பதினஞ்சு வருஷத்து ஃபைல்மா, தலையிலயா வச்சுக்குவேன்?" என்றவர், அலமாரி நிறுவனத்தின் விலைப்பட்டியலை எடுத்துக் காட்டினார். எடை அதிலேயே அச்சாகியிருந்தது. "யாருமே வந்து கேக்கல. நீங்கதான் மொத ஆளு."

ஆக, உன் பதில் எதுவாக இருந்தாலும் கணக்கு தப்பு. மூன்று வாரமாக நான் தவறான ஆளிடம் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை விலைப்பட்டியலையும் நாற்பத்தேழாம் பக்கத்தையும் விமலன் சார் முன்னால் வைத்தேன்.

"அவகிட்ட கேட்டியா?"

"ஈஸ்டர் வரைக்கும் பதில் வராது சார்."

"அப்ப நீ என்ன சொல்ற?"

"தப்புன்னு சொல்றேன்."

அதைச் சொல்வதற்கு முன் அலுவலகக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அவர் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தார், பிள்ளையார் சுழி போட்டார், முதலிலிருந்து தொடங்கினார். நாற்பது நிமிடம். என் விடைக்கே வந்து சேர்ந்தார். பிறகு உன் பக்கத்தை இழுத்துத் தன் சுருக்கொப்பத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நான் போட்டது. கணக்கைப் பார்க்கல. சிலுவைய பார்த்தேன், போட்டுட்டேன். நாலு வருஷமா அப்படித்தான்."

உடனே சுகுமாறன் அண்ணனுக்கு ஃபோன் செய்தார். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. "என்ன பாஸ் வெளையாடுறீங்களா? பன்னெண்டு லோரி சொல்லியாச்சு! பசங்க ராயாவுக்கு டிக்கெட் எடுத்துட்டாங்க!"

"கேன்சல் பண்ணு."

"காரணம் கேப்பாங்க, என்ன சொல்ல?"

"என் தப்புன்னு சொல்லு."

நிறுத்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். 'கணக்கில் பிழை' என்று மட்டும் எழுதினேன். உன் பெயர் அதில் இல்லை. போட வேண்டாம் என்று விமலன் சார் சொன்னார். சொல்லாவிட்டாலும் போட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

ஜானிஸ்

+
செராஸ்
21.4.2025

அன்புள்ள ஜானிஸ்,

ஈஸ்டர் வாழ்த்துகள். உடம்பு நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

இன்று காலை மூன்று கடிதங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கடைசியாக எழுதியதை முதலில் திறந்தேன். 'நேற்று காங்கிரீட் போடவில்லை' என்ற வரி வரை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: காரணம் எதுவும் இல்லை. மூன்றாம் திருத்தம் என் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தைப் புதிதாக எழுத எடுத்தேன். சிலுவை போட்டேன், தலைப்பு எழுதினேன், பழைய எண்களை அப்படியே இறக்கினேன். நான்காம் மாடியைப் பிறகு மாற்றலாம் என்று நினைத்தேன். பிரியாவிடைக் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். திரும்பி வந்து தாளைக் கோப்பில் வைத்தேன். மாற்றிவிட்டுத்தான் வைத்தேனா என்பது எனக்கே தெளிவில்லாமல் போயிற்று.

'ஐந்து மாடிகளையும் ஒரே பீமின் மேல்' என்று நீ முதல் கடிதத்தில் எழுதியபோது அது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துணியை மடிக்கும்போதும் வந்தது. 'நாற்பத்தேழாம் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடு, நான் மாற்ற மறந்திருக்கலாம்.' நவம்பரில் அடித்த ஒன்றரை வரி அதுதான். எழுதி, படித்துப் பார்த்து, அடித்தேன். அலுவலகத்தில் நான் விட்டுவந்தது 'ஆட்ரி கணக்கு தப்பாகாது' என்ற ஒரு பேச்சு மட்டும்தான். அதை இழக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று இங்கே சொல்லித்தான் சேர்ந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ மார்ச் பதினொன்றாம் தேதி வந்தது எனக்கு அன்றே தெரியும். "தங்கச்சி வந்தா, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டா" என்று வாசல் சிஸ்டர் சொன்னார். செவ்வாய்க்கிழமை. வேலை நாளில் விடுப்பு எடுத்து நீ எதற்கு வந்திருப்பாய் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மதரிடம் கேட்டிருந்தால் அப்போதே ஃபோனைக் கையில் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. தவக்காலம், எழுதக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி என் பக்கம் இருந்தது வசதியாக இருந்தது. மார்ச் இருபத்திரண்டு என்ற தேதி எனக்குத் தெரியாது. மார்ச் என்பது தெரியும்.

சிலுவையைப் பற்றி: அதைப் போடும்போது தாள் வெறுமையாக இருக்கும். அதற்குப் பிறகுதான் எல்லாம் எழுதுகிறோம். நீங்கள் அதை முடிந்த வேலையின் முத்திரையாக வாசித்தீர்கள். நான் அப்படி வாசிக்க விட்டேன்.

இன்று மதியம் மதரிடம் எல்லாம் சொன்னேன். யாருக்காவது அடிபட்டதா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். துறவு உடையைத் தள்ளி வைக்கும்படி நானே கேட்டேன். எவ்வளவு நாள் என்றார். பீம் போடும் வரை என்றேன். எந்தப் பீம் என்றார். அரை மணி நேரம் விளக்கினேன். இந்தக் கடிதத்தைப் படிக்காமலே அனுப்பச் சொல்லிவிட்டார்.

ஆட்ரி

+
கிள்ளான்
4.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று நினைக்கிறேன்.

மூன்று முறை படித்தேன். கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. அதை எழுதுவதற்கு முன் வாசல் சிஸ்டர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அவசரமா என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருந்தால் காரணம் சொல்ல வேண்டும். உன் கணக்கு தவறு என்று அந்த வாசலில் வைத்துச் சொல்ல வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆகவே நாம் இருவரும் ஒரே மதிலின் இரண்டு பக்கமும் சும்மா இருந்திருக்கிறோம்.

அடித்தளத்தில் கை வைக்க வேண்டியதில்லை. அங்கே நீ தாராளமாகவே போட்டிருந்தாய். நான்காம் மாடியை இன்னும் கட்டவில்லை, அதன் கணக்கையும் மாற்றியாகிவிட்டது. பீமை மட்டும் முந்நூறு மில்லிமீட்டர் ஆழமாக்குகிறோம். ஆம்புலன்ஸுக்கு உயரம் போதும். பஸ் திரும்பாது என்று சுகுமாறன் அண்ணனுக்கு வருத்தம். கட்டிய கம்பியைப் பிரித்ததில் அவருக்கு என்மேல் கோபமும் உண்டு. "ஒங்க சாமியெல்லாம் ஒண்ணா சேந்து எனக்கு வேல வச்சிட்டீங்க" என்கிறார்.

அலுவலகத்தில் புது விதி: எந்தத் தாளானாலும், தலையில் என்ன இருந்தாலும், இரண்டாவது ஆள் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "கணக்குல தப்பா? யாரு?" என்றார். அக்கா என்றேன். "ஆட்ரியா?" என்றார். நீ முடிவைச் சொன்ன பிறகு இதுதான் முதல் தடவை. பிறகு கொஞ்ச நேரம் சிரித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஜூன் மாதச் சந்திப்பு நாள் எது என்று தேதியை மட்டும் கேட்டு எழுதச் சொன்னார். இந்த முறை, அவர் சொன்னதாகவே எழுதச் சொன்னார்.

புதிய பீமின் கணக்கு ஆறு பக்கம். நான்தான் எழுதினேன். நகல் இத்துடன் இருக்கிறது. காங்கிரீட் மே 31. உனக்குப் பென்சிலுக்கு அனுமதி உண்டென்றால் பார். தங்கை எழுதியது என்று பார்க்காதே.

ஜானிஸ்

+
செராஸ்
18.5.2025

அன்புள்ள ஜானிஸ்,

நலம். உங்கள் நலம் வேண்டுகிறேன். சந்திப்பு நாள் ஜூன் 15, ஞாயிறு, காலை பத்து மணி. அம்மாவுக்கு ஏற மூன்றே படிகள்தான், சொல்லிவிடு.

பென்சிலுக்கு அனுமதி கிடைத்தது. ரப்பருக்கும் சேர்த்துக் கேட்டேன். சலவை முடிந்தபின் ஐந்து நாள் உட்கார்ந்தேன். மதர் ஒருமுறை வந்து தோளுக்கு மேலே பார்த்துவிட்டு, துணி மடிப்பதைவிட மெதுவாகச் செய்கிறேன் என்றார்.

நான்காம் மாடி சரி. பீமின் ஆழம் சரி. மூன்றாம் பக்கம் ஏழாவது வரியைப் பார். கீழ்க் கம்பி பதினான்கு என்று எழுதிவிட்டுப் பதினாறுக்குக் கூட்டியிருக்கிறாய். பதினாறுதான் வேண்டும். வரைபடத்தில் எது போயிருக்கிறது என்று உடனே பார். பெரிய பிழை இல்லை. ஆனாலும் கடிதத்துக்குக் காத்திராமல் சொல்லியிருக்க வேண்டியது. ஆகவே வெள்ளிக்கிழமை மதரின் ஃபோனில் உன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். நீ கட்டுமான இடத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்தையும் வரியையும் விமலன் சாரிடமே சொல்லி வைத்தேன். அவர் குறித்துக்கொண்டார்.

மற்ற வரிகளில் சரியானவற்றுக்கு டிக் போட்டிருக்கிறேன். சிலுவை எங்கும் போடவில்லை. 'சரிபார்த்தவர்' கட்டத்தையும் தொடவில்லை. ஆறு பக்கங்களையும் விமலன் சார் முதலிலிருந்து போட்டுப் பார்க்கட்டும். அவரிடம் கொடுப்பதற்கு முன் என் டிக்குகளை எல்லாம் ரப்பரால் அழித்துவிடு. அவற்றைப் பார்த்தால் அவர் கணக்கைப் பார்க்கமாட்டார்.

ஆட்ரி